ஏழு முழத் தெரு விரிந்த கதை

ஏழு முழத் தெருவை அளந்து பேர் வைத்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஆள் முழங்கை குட்டையானவராகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தெருவில் தெற்கு வரிசையில் ஒருவர் சட்டையை உதறினால் வடக்கு வரிசையில் ஒருவர் தும்முவார், வடக்கில் கடுகு தாளித்தால் தெற்கில் ரசத்துக்கு வாசம் வந்துவிடும், எதிர்வீட்டு டிவியில் ஓடுகிற சீரியலைத் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடியே பார்த்து, ஆற அமர அழுது, மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய் உலை வைக்கிற பெண்கள் இரண்டு வரிசையிலும் இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட தெருவில் மஞ்சள் மண்டித் தரகர் சென்னியப்பன் தன் வெள்ளைக் காருக்கு அகலமான சக்கரம் மாட்டிக்கொண்டு வந்தார் என்றால், அது சக்கரத்தின் மேல் இருந்த ஆசையால் அல்ல, எதிர்வீட்டு மச்சான் மேல் இருந்த ரோஷத்தால்.

எதிர்வீடு அவருடைய சொந்த அக்கா வீடு. பாவாயக்கா மூத்தவள், சென்னியப்பன் இளையவர், இரண்டே பேர்தான் அந்த வயிற்றுக்கு. அக்கா புருஷன் நாச்சிமுத்து வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தார், கல்யாண மண்டபங்களில் அண்டா குண்டாக்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்குக் குரலே அண்டாபோல ஆகிவிட்டது. அவர் மகள் பூங்கோதையின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு, மேளதாளத்தோடு, காரை மண்டபத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திச் சென்னியப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கிய நேரத்தில், மொத்த ஒறம்பரையும், சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, நாச்சிமுத்து குனிந்து டயரைப் பார்த்தார். "என்ன மாப்ளே, காருக்குத் தையல் மெசின் சக்கரத்த மாட்டிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

மண்டபமே சிரித்தது. அது பரவாயில்லை, மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவது மச்சானுக்கு உள்ள பாத்தியதை, அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் ஊரில் உறவென்று ஒன்று இருக்காது. ஆனால் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த பாவாயக்காவும் சிரித்தாள். சும்மா சிரிக்கவில்லை, தட்டு குலுங்கி ஆரத்தித் தண்ணீர் புதுப்பட்டில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். சென்னியப்பன் சீரை வைத்தார், பந்தியில் கை நனைக்காமல் வீட்டுக்கு வந்தார், அன்றோடு அந்த வீட்டோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஆயிற்று.

பேச்சு நின்றது என்றால் வாயை மூடிக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. ஏழு முழத் தெருவில் அது நடக்கிற காரியமா? பாவாயக்கா ஒரு காது அறுந்த பூனை வளர்த்தாள். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவள் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டைப் பார்க்காமல் பூனையைப் பார்த்து, "ஏ பூன, மணி ஒண்ணாச்சு, சோறு தின்னயா, இல்ல மண்டி மண்டின்னு பட்டினி கெடக்கறயா?" என்று கேட்பாள். பூனைக்கு மண்டியில் என்ன வேலை என்று தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். சென்னியப்பன் தன் வீட்டு வாசல் குழாயடியில் கை கழுவியபடி, "குழாயே, நாங்க தின்னாச்சு. கத்திரிக்கா கொழம்பு. உப்பு ஒரு கல்லு கம்மி" என்று குழாய்க்குச் சொல்லுவார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சுலோச்சனா, "உப்பு கம்மின்னா என்கிட்டச் சொல்லோணும், குழாய்கிட்டச் சொன்னா அது வந்து போடுமா?" என்பாள்.

இப்படி ஜாடையிலேயே எல்லாம் நடந்தது. பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனது, சின்னம்மா கீழே விழுந்து இடுப்பு பிசகியது, தயிர் புளித்தது, பூங்கோதை முழுகாமல் இருப்பது, அவளுக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் பூனை வழியாகப் போய்க் குழாய் வழியாகத் திரும்பி வந்தன. அந்த ஒரு மணிக்குத் தெருவில் யாரும் மிக்சி போடமாட்டார்கள். ஒரு வார்த்தை தவறினால் அப்புறம் கதை புரியாது.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. சென்னியப்பனுக்குக் காரைப் பின்னால் எடுக்க வராது. முன்னால் விட்டால் மகாராஜாபோல ஓட்டுவார், ரிவர்ஸ் கியர் போட்டால் இடது கை வலது கை மறந்துபோகும். சண்டைக்கு முந்தி, தினமும் காலையில் நாச்சிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, டிக்கியில் ரெண்டு தட்டுத் தட்டி, "வா... வா... வா... ஒடி... ஒடி... நில்லு" என்று அண்டாக்குரலில் சொல்லிச் சொல்லிக் காரைப் பின்னால் எடுத்துக் கொடுப்பார். சண்டைக்குப் பிறகு அது போச்சு. வேறு யாரையாவது தட்டச் சொல்லிக் கேட்கவும் ரோஷம் விடவில்லை. அதனால் சென்னியப்பன் பிள்ளையார் கோயில் முனை வழியாகத் தெருவுக்குள் வருவார், தண்ணித்தொட்டி முனை வழியாக வெளியே போவார், மறுபடி வரவேண்டுமென்றால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் பிள்ளையாரிடம் வந்து சேருவார். மூன்று வருஷமாக அந்தக் கார் ஒரு அடிகூடப் பின்னால் போனதில்லை.

பைபாஸ் ரோட்டு டயர் கடையில் சையது என்பவர் எல்லாவற்றையும் விவரமாகத்தான் சொன்னார். "அண்ணா, இந்த சைஸு போட்டா டயரு பாடிய விட்டு வெளிய நீட்டும். ஸ்டீயரிங் கனமா இருக்கும். பெட்ரோலு சேத்திக் குடிக்கும். குழில எறங்குனா உள்ள ஒரசும். வண்டிக்குன்னு கம்பெனிக்காரன் ஒரு அளவு வச்சிருக்கான், அதுக்கு மேல போறதுன்னா பாத்துக்கோங்க." சென்னியப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"எதுத்தாப்ல நின்னு பாக்கறவனுக்குத் தெரியுமா?"

"தெரு முனையில இருந்தே தெரியுமுங்ணா."

"அப்ப மாட்டுங்க."

மாட்டினார்கள். கார் கையை அகட்டி வைத்து நடக்கிற பயில்வான்போல ஆகிவிட்டது. பிள்ளையார் கோயில் முனையில் கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வழக்கமாகப் பழம் 'பச்' என்று வெடித்துச் சாறு தெறிக்கும், இந்த டயருக்கு அடியில் நாலும் சத்தமே போடாமல் அப்பளமாகிவிட்டன. பூசாரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்ல சகுனம்தான் என்று சொல்லித் தட்டை நீட்டினார். சென்னியப்பன் பந்தாவாக ஏறி உட்கார்ந்து தெருவுக்குள் விட்டார்.

தெரு ஒதுங்கிக்கொண்டது. பஸ்ஸில் பருத்த ஆள் ஏறி வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்களே, அதுபோல இரண்டு வரிசை வீடுகளும் ஆளுக்கு ஒரு சாண் பின்னால் போய் நின்றன. சுவரில் ஒரு விரிசல் இல்லை, தொட்டிச்செடி ஆடவில்லை, அடுப்பில் இருந்த பால் பொங்கவில்லை. இஸ்திரிக்கார ரங்கன் தன் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிறு மட்டும் பட்டென்று அறுந்து, அதில் காய்ந்துகொண்டிருந்த பாவாடை ஒன்று காரின் முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. ரங்கன் கயிறு விற்ற கடைக்காரனைத் திட்டிவிட்டு நீளமான கயிறு வாங்கப் போனார்.

நாச்சிமுத்து வெளியே வந்து காரை மேலும் கீழும் பார்த்தார். "புள்ள, இங்க வந்து பாரு, உன்ர தம்பி காருக்குக் கன்னம் உப்பிப்போச்சு, பல்லுவலியாட்ட இருக்குது" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அது நன்றாகக் கேட்டது. பாவாயக்கா வாசலுக்கு வந்து பூனையிடம் ஏதோ சொன்னாள். அது சென்னியப்பனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதில் ஏதோ அடைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு கார் ஒவ்வொரு முறை தெருவுக்குள் வந்து போகும்போதும் தெரு ஒதுங்கிக்கொண்டே இருந்தது. தெருக்காரர்கள் அதைப் பற்றிப் பெரிதாக அதிசயப்படவில்லை, கிடைத்த இடத்தை என்ன செய்வது என்பதில்தான் அவர்களுக்குக் கவனம் போயிற்று. பெண்கள் கோலத்தைப் பெரிதாக்கினார்கள், சுலோச்சனா தேர்க்கோலம் போட்டு அதற்குக் குதிரை பூட்டி, குதிரைக்கு முன்னால் கொம்பு ஊதுகிற ஆட்களையும் வரைந்தாள். நடுவில் ஒருவர் டீக்கடை போட்டார். வீட்டில் விசேஷம் வைத்தவர்கள் முந்தின நாளே சென்னியப்பனிடம் வந்து, "அண்ணா, நாளைக்கு எங்கூட்ல பந்தல் போடோணும், இன்னைக்கு ரெண்டு ரவுண்டு சேத்தி வந்துட்டுப் போங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அவரும் பெரிய மனசு பண்ணி ரெண்டுக்கு மூன்றாகவே சுற்றுவார். பந்தலில் அவருக்குச் சால்வை போட்டார்கள். வாழ்க்கையில் அதுவரை யாரும் அவருக்கு, விலை பேசும்போது கைமேல் போடுகிற மண்டித் துண்டைத் தவிர வேறொன்றும் போட்டதில்லை.

அளவைக்காரர்கள் ரெண்டு பேர் டேப் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பின்தெருவை அளந்தார்கள், அங்கே ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. வீடுகளை அளந்தார்கள், எல்லாம் இருந்தபடி இருந்தன. தெருவை அளக்கும்போது டேப் தீர்ந்துபோனது, நீளமான டேப்போடு மறுபடி வந்தார்கள், அதற்குள் தெரு அதையும் தாண்டிவிட்டது, கடைசியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல், அவரவர் பக்கத்து வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தார்கள். "ஊடு தெருவ முழுங்குனா நோட்டீசு குடுக்கலாமுங்க, தெரு எதையும் முழுங்காம தானாப் பெருத்தா அதுக்கு வளர்ச்சின்னுதான் பேரு" என்று அவர்களின் மேலதிகாரி டீக்கடையில் சொன்னதாகக் கேள்வி. வார்டு கவுன்சிலர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, ஏழு முழத்தை எழுபது முழமாக்கிய செம்மலே என்று தனக்குத்தானே பேனர் வைத்துக்கொண்டார். மினிபஸ் வந்தது. நாளாக நாளாக அதன் கண்டக்டர் ஒரே தெருவுக்கு ரெண்டு ஸ்டாப் சொல்ல ஆரம்பித்தார், "ஏழுமுழம் தெக்கு எறங்கு, ஏழுமுழம் வடக்கு எறங்கு."

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பிசகியது. எதிர்வீட்டு டிவி தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டதால், சீரியலில் அழுகிறவள் மாமியாரா மருமகளா என்று தெரியாமல் பெண்கள் அவரவருக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொண்டார்கள். வடக்கு வரிசையில் கதாநாயகி செத்துப்போனாள், தெற்கு வரிசையில் அவள் துபாய்க்குப் போயிருந்தாள், இதை வைத்து ஒரு ஓரியாட்டச் சண்டையே நடந்தது. எதிர்வீட்டில் ரெண்டு கறிவேப்பிலை வாங்க முதலில் செருப்பு தேவைப்பட்டது, பிறகு குடை தேவைப்பட்டது, பிறகு நடுவில் ஷேர் ஆட்டோ ஓட ஆரம்பித்தது. வடக்கில் மழை பெய்தால் தெற்கில் வெயில் அடித்தது. மாரியம்மன் நோம்பிக்கு ரெண்டு வரிசையும் தனித்தனியாகக் கம்பம் நட்டார்கள். நேர் எதிர்வீட்டுக்குப் பேசி முடித்திருந்த ஒரு சம்பந்தத்தைப் பெண் வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், "நல்ல குடும்பந்தானுங்க, ஆனா அத்தன தூரத்துல குடுத்துப்போட்டா புள்ள ஒரு ஆத்திர அவசரத்துக்கு வந்து போக முடியாதுங்க."

சென்னியப்பனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை, சால்வைகள் பீரோவில் சேர்ந்துகொண்டிருந்தன. ஆனால் மத்தியானம் ஒரு மணி என்று ஒன்று தினமும் வந்தது. குழாயடியில் நின்று பார்ப்பார். தூரத்தில் கட்டைவிரல் அளவுக்கு அக்கா தெரிவாள், அவள் காலடியில் எறும்பு அளவுக்குப் பூனை தெரியும், அக்கா வாய் அசைவதுபோல இருக்கும். ஒன்றும் கேட்காது. அவர் குழாய்க்குப் பதில் சொல்லுவார், அதைக் குழாய் மட்டும்தான் கேட்டுக்கொள்ளும். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றால், ஜாடைக்கென்று ஒரு அளவு இருக்கிறது, கத்திச் சொன்னால் அது நேர்ப்பேச்சு ஆகிவிடும், நேர்ப்பேச்சுக்கு ரோஷம் விடாது. சக்கரத்தைக் கழற்றிவிடலாம் என்றால், தையல் மெசின் சக்கரத்தோடு மறுபடியும் மச்சான் முன்னால் வந்து நிற்பதா? அதற்குச் சாவதே மேல். சாப்பாடு இறங்கவில்லை. கத்திரிக்காய்க் குழம்பில் உப்பு சரியாக இருந்தது, அதைச் சொல்ல ஆளில்லை.

"அக்கா பூனையக் கேக்காம உங்களுக்குச் சோறு எறங்காதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்றாள் சுலோச்சனா. அவள் கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்து, மோர் ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரெண்டு வரிசைத் துணியையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்வருகிறவர் ரங்கன் ஒருவர்தான், எதிர்வரிசைச் செய்தி என்றால் அவர் மூட்டையோடுதான் வரவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை வேட்டியைக் கொடுக்க வந்தவர் சொன்னார்.

"அண்ணா, அக்கா ஊட்ட வெலைக்குக் கேக்கறாங்ளாமா. அகல ரோட்டு மேல ஊடு பாருங்க, ஓட்டல் கட்டறதுக்கு. வெள்ளிக்கெழம அட்வான்ஸ் வாங்கறாங்க. அப்பறம் பெங்களூருக்குப் பூங்கோதைப் புள்ள ஊட்டுக்கே போயிருவாங்களாட்ட இருக்குதுங்க."

சென்னியப்பன் வேட்டியை வாங்கிக்கொண்டார். "அக்கா என்ன சொல்லுச்சு?"

"அக்கா ஒண்ணுஞ் சொல்லலீங்க. இந்தப் பூனைய உட்டுப்போட்டு எப்பிடிப் போறதுன்னு மட்டும் சொல்லிட்டு இருந்துச்சு. பூனையக் கூடையில போட்டுக் கொண்டுபோக வேண்டியதுதானுங்களே, அதுக்கு ஏன் கண்ணுல தண்ணி?"

அது எந்தப் பூனை என்று சென்னியப்பனுக்குத் தெரியும். மடித்த வேட்டியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் மண்டிக்குக் கிளம்பித் தண்ணித்தொட்டி முனைக்குப் போனபோது மினிபஸ் எதிரே வந்தது. தெரு எவ்வளவு விரிந்தாலும் முனை என்னவோ பழைய முனைதான், அதில் பஸ்ஸும் காரும் ஒன்றாக நுழைய முடியாது. கண்டக்டர் இறங்கி வந்து, யோசிக்கவே விடாமல் டிக்கியில் தட்டி, "பின்னால எடுங்ணா, வா, வா" என்று கத்த, சென்னியப்பன் வியர்த்து விறுவிறுத்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் காரை ஒரு ஆள் நீளம் பின்னால் எடுத்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். தெரு கிட்டே வந்தது. ஒதுங்கும்போது இருந்த நிதானம் அதற்கு இப்போது இல்லை, சாயங்காலம் கொட்டிலுக்குத் திரும்புகிற மாட்டின் அவசரம் இருந்தது, ஒரு மூச்சில் பத்திருபது முழம் வந்துவிட்டது. அந்த ஒரு மூச்சுக்குள் எங்கேயோ தூரத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்து அவர் காதில் விழுந்தது. "...சோறு..."

பஸ் போனபிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை. மணி ஒன்று ஆகாமலே அக்கா பூனையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒருவேளை நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

வியாழக்கிழமை மத்தியானம் சென்னியப்பன் காரைப் பிள்ளையார் கோயில் வழியாகக் கொண்டுவந்து, தண்ணித்தொட்டி முனை வரைக்கும் ஓட்டி, அங்கே நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். ரிவர்ஸ் கியர் போட்டார். கியர் விழுந்த சத்தம் கேட்டே தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார், ஷேர் ஆட்டோக்கள் கிளம்பின, கவுன்சிலரின் பேனரை நாலு பேர் சேர்ந்து சுருட்டினார்கள், சுலோச்சனா தேர்க்கோலத்தின் குதிரைகளை விளக்குமாற்றால் துடைத்து வழிவிட்டாள். பிறகு எல்லோரும் காருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். நம் ஆட்களுக்கு வேறு எந்த வேலை இருந்தாலும் ஒரு கார் பின்னால் வருகிறது என்றால் கையைக் காட்டாமல் இருக்க முடியாது.

"ரைட்ல ஒடிங்ணா!"

"யோவ் அது லெப்ட்டுயா! லெப்ட்ல ஒடி, லெப்ட்ல!"

"நேராக்கு, நேராக்கு... ஐயோ நேராக்காத!"

எட்டுக் கைகள் டிக்கியைத் தட்டின. அகல டயர் ஸ்டீயரிங்கைத் திருப்பவே விடவில்லை, அம்மிக்கல்லைச் சுற்றுவதுபோல இருந்தது. கார் ஒரு பக்கம் போய்ச் சாக்கடை மூடியை முத்தமிட்டது, இன்னொரு பக்கம் போய் ரங்கனின் இஸ்திரி வண்டியை இடிக்கப் பார்த்தது. ஆனால் தெரு வந்துகொண்டிருந்தது. வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் ஒன்றையொன்று பார்த்து, மூச்சு வாங்க, கிட்டே கிட்டே வந்தன. முதலில் வாசம் வந்தது, வடக்கில் யாரோ கடுகு தாளித்தார்கள். அப்புறம் டிவி சத்தம் வந்தது, கதாநாயகி சாகவும் இல்லை துபாய்க்குப் போகவும் இல்லை, சமையலறையில்தான் நின்று அழுதுகொண்டிருந்தாள் என்று தெரிந்து ரெண்டு வரிசைப் பெண்களும் ஒரே நேரத்தில் அட என்றார்கள். அப்புறம் ஒரு பூனை கத்தியது. அப்புறம் அக்கா.

"ஏ பூன," என்றது அக்கா குரல், "கண்ணு எங்க இருக்குது உனக்கு? அக்கட்ட சாக்கட. இக்கட்ட ஒடி. இன்னுங் கொஞ்சம். இத்தன பேரு கத்தறதக் கேட்டா கெணத்துலதான் போய் உழுவ. என்ர சத்தத்த மட்டும் கேளு."

பூனை திண்டில் படுத்து வாலை நக்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் இந்தப் பக்கம் ஒடித்தார். அக்கா நேராக்கச் சொன்னபோது நேராக்கினார். இடது கை எது வலது கை எது என்று அவருக்கு நினைவு வந்துவிட்டது, முன்கண்ணாடிதான் மங்கலாகத் தெரிந்தது, அது கண்ணாடியின் குற்றமில்லை.

நாச்சிமுத்துவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மனுஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வந்து, டிக்கியில் ரெண்டு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு சென்னியப்பன் முதுகெலும்பு வரைக்கும் போயிற்று. "வா... வா... வா... ஒடி... ஒடி..." வா, ஒடி என்பதெல்லாம் பேச்சில் சேராது, அதனால் யாருடைய ரோஷத்துக்கும் குறைவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அண்டாக்குரல் ஒன்றுதான் தெரு முழுக்கக் கேட்டது. எழுபது முழம் நாற்பதாகி, நாற்பது பத்தாகி, பழைய ஏழும் வந்தது. சென்னியப்பன் 'நில்லு' என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு பிரேக்கின் மேல் காலை வைத்துக் காத்திருந்தார். நாச்சிமுத்து சொல்லவில்லை. "வா... வா..." என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு முழம். ஐந்து முழம். கார் ரெண்டு வீட்டு வாசலுக்கும் நட்டநடுவில் வந்தபோது, பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாலு டயரும் இந்த வீட்டுப் படியிலும் அந்த வீட்டுப் படியிலும் கச்சிதமாக அழுந்தி, 'ம்ம்' என்று ஒரு சத்தம் போட்டு, கார் நின்றது. பாடியில் ஒரு கீறல் விழவில்லை. தெருவும் அதற்கு மேல் நகர இடமில்லாமல் நின்றது.

ஏன் நில்லு என்று சொல்லவில்லை என்று பின்னால் யாரோ கேட்டதற்கு, "ஓட்டல்காரன் வண்டி நாளைக்கு எந்த வழியா வரும்? பெங்களூர்ல போய் உக்காந்துட்டு நான் யாரக் கிண்டல் பண்றது?" என்று நாச்சிமுத்து சொன்னாராம். வெள்ளிக்கிழமை வந்த பெரிய வண்டியும் பிள்ளையார் கோயில் முனையிலேயே நின்று, சந்தாகிப்போன தெருவைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

ஆனால் அது மறுநாள் கதை. இந்த நிமிஷத்தில் சென்னியப்பன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கதவு ரெண்டு பக்கமும் திறக்காது. இடது ஜன்னலுக்கு வெளியே அவர் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வலது ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பாவாயக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது, சிரிக்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது, இந்தத் தடவை சிரித்தால் சிரிக்கட்டும் என்றும் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. பூனை அவள் காலைச் சுற்றியது, அதை அவள் ஒரு காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, ஜன்னலுக்குள் நேராகத் தம்பி முகத்தைப் பார்த்தாள்.

"சோறு தின்னயாடா?"

சென்னியப்பன் பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பிக் குழாயைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"இல்லக்கா."

"தின்னுலீன்னா அங்க உக்காந்து என்ன பண்ற? எறங்கி வா."

எங்கே இறங்குவது? கடைசியில் அக்கா வீட்டு வாசலுக்குள் ஜன்னல் வழியாகத்தான் இழுத்தார்கள். தலை வந்தது, தோள் வந்தது, தொப்பையில் மாட்டிக்கொண்டார். சுலோச்சனா தன் வீட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் புருஷனின் காலைப் பிடித்துத் தள்ளினாள், கார்க் கூரையின் மேல் ஏறி நின்ற ரங்கன் ரைட்ல ஒடி என்று யோசனை சொன்னார், வாசலுக்குள் நின்ற நாச்சிமுத்து மாப்பிள்ளையின் ரெண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, "வா... வா... வா... ஒடி... இன்னுங் கொஞ்சம் ஒடி..." என்று அண்டாக்குரலில் சொல்லிச் சொல்லி இழுத்தார். தொப்பை கழன்றது. சென்னியப்பன் மச்சான் மேலேயே வந்து விழுந்து, சுதாரித்து, அக்கா வீட்டுத் தரையில் ரெண்டு காலையும் ஊன்றினார். உள்ளேயிருந்து சோற்றுப்பானை மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"நில்லு" என்றார் நாச்சிமுத்து.